பதினொருவரில் ஒருவர்

மலேசியாவின் ஜோகூர் பாருவிலுள்ள தம்போயில் இரவு பத்து மணிக்கு மேலும் மாமாக் கடைகளில் கூட்டம் குறைவதில்லை. தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்தவர்கள், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், பாசார் மாலாம் போய்வந்த குடும்பங்கள் என்று மேசைகள் நிறைந்திருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, எல்லைக்கு வந்துவிட்டது, கவனமாக இருங்கள் என்று கிளினிக்கில் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அவருடைய அப்பாவுக்கு இதே நோயால் கால் விரலை எடுத்தார்கள். தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரைதான் என்பதும் அவருக்குத் தெரியும். கேட்டால் நமக்கே வகுப்பெடுப்பார். ஆனாலும் குடிக்கிறார். நாளைக்கும் குடிப்பார்.

தெரிந்தும் ஏன் இப்படிச் செய்கிறோம்? இந்தக் கேள்வியை எல்லோரும் ஒருமுறையாவது தம்மையே கேட்டிருப்போம். மலேசியத் தமிழர்களுக்கோ இது உயிர்போகிற கேள்வி. 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். ஒரு வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையை எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

தெரிந்தும் ஏன் செய்கிறோம் என்ற கேள்விக்கு விடை தேடுவது உளவியல். உளவியல் என்றதும் தம்போய்க்காரர்களுக்குப் பெர்மாய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். 1937இல் இங்கே தொடங்கிய மனநல மருத்துவமனை அது. ஊர்ப்பெயரையே கேலிக்குப் பயன்படுத்தும் அளவுக்கு நாட்டில் பலர் அதைக் கொச்சைப்படுத்தியிருக்கிறார்கள், அது வருத்தத்துக்குரியது. இந்த அத்தியாயம் பேசும் உளவியல் வேறு வகை. நோயில்லாத, அல்லது நோயின் வாசலில் நிற்கிற சாதாரண மனிதர்கள் சாப்பிடுவது, நடப்பது, புகைப்பது, மருந்து விழுங்குவது ஆகியவற்றை ஆராயும் துறை இது. உடல்நல உளவியல் என்று பெயர். ஒருவருடைய பழக்கத்துக்குள் திட்டமிட்டுப் புகுந்து அதை நல்ல பக்கம் திருப்ப எடுக்கும் முயற்சியை இத்துறையினர் இடையீடு என்பார்கள். அந்த இடையீட்டை எப்படி வடிவமைப்பது, அது பலித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பவைதான் நம் இரண்டு கேள்விகள். முதலாவதைவிட இரண்டாவது கடினம். அதையே நாம் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

சொன்னால் போதும் என்ற நம்பிக்கை

1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் வாழும் இடங்களுக்கே அனுப்பியது. கட்டணம் இல்லை. வலியும் இல்லை. நேரமும் அதிகம் ஆகாது. ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏன் என்று விசாரித்த காட்ஃப்ரி ஹோக்பாம் என்ற உளவியலாளர் கண்டது இது: வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையில் பெரிய வேறுபாடு நம்பிக்கைகளில் இருந்தது. 'எந்த அறிகுறியும் இல்லாமலே எனக்கும் இது வரலாம்', 'முன்னதாகக் கண்டுபிடித்தால் எனக்கு நன்மை' என்ற இரண்டையும் மனத்தில் ஏற்றுக்கொண்டவர்களே அதிகம் வந்தார்கள். காசநோய் கொடியது என்று மட்டும் தெரிந்திருந்தது போதவில்லை.

அப்படியானால் பயமுறுத்தினால் வருவார்களா? 1965இல் ஹோவர்ட் லெவெந்தாலும் அவருடைய சகாக்களும் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். மூத்த மாணவர்களிடம் டெட்டனஸ் பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்தது பதறவைக்கும் கையேடு, சிலருக்குச் சாதுவானது. பயமுறுத்தும் கையேட்டைப் படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்வது முக்கியம் என்று அழுத்தமாகச் சொன்னார்கள். ஆனால் பயம் அதிகமாக இருந்ததால் மட்டும் கூடுதலானவர்கள் போய் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஆட்களை நகர்த்தியது வேறொன்று. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வளாகத்தின் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, அதில் சுகாதார நிலையத்தை வட்டமிட்டு, ஊசி போடும் நேரத்தைக் குறித்து, 'உங்கள் வார அட்டவணையைப் பார்த்து எப்போது போவீர்கள் என்று முடிவு செய்யுங்கள்' என்றார்கள். அந்த மாணவர்களில் 28 விழுக்காட்டினர் போனார்கள். வரைபடம் கிடைக்காதவர்களில் போனது 3 விழுக்காடு.

அந்த மாணவர்கள் பல ஆண்டுகள் அங்கேயே படித்தவர்கள். சுகாதார நிலையம் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஆக வரைபடம் அவர்களுக்குப் புதிய தகவல் எதையும் தரவில்லை. போக வேண்டும் என்ற பொதுவான எண்ணத்தை, செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்த வழியாக என்று கிழமைக்கும் பாதைக்கும் கொண்டுவந்து கட்டியது. இதை எப்போது-எங்கே திட்டம் என்று சொல்லலாம். நம் வீடுகளில் 'திங்கள்கிழமையிலிருந்து நடக்கப் போகிறேன்' என்ற வாக்குறுதியில் கிழமை இருக்கும். எத்தனை மணி, எந்தப் பாதை, மழை பெய்தால் என்ன என்பது இருக்காது.

திறன், வாய்ப்பு, உந்துதல்

லண்டனில் பணிபுரியும் சூசன் மிச்சியும் இரண்டு ஆய்வாளர்களும் 2011இல் ஓர் எளிய சட்டகத்தைத் தந்தார்கள். அதற்கு முன்பு இருந்த 19 சட்டகங்களைப் படித்துப் பார்த்த பிறகு வந்த முடிவு அது. எந்த நடத்தைக்கும் மூன்று வேண்டும்: அதைச் செய்யத் திறன், செய்ய வாய்ப்பு, செய்ய உந்துதல். இவற்றில் எது இல்லையோ அதைக் கண்டுபிடித்து அங்கேதான் இடையீடு புக வேண்டும். உந்துதல் ஏற்கெனவே நிறைய இருப்பவரிடம் போய் மேலும் உபதேசம் செய்வது வீண்.

நம் நாற்பத்தைந்து வயதுக்காரரிடம் திரும்பி வருவோம். சர்க்கரை கெடுதல் என்ற அறிவு அவருக்கு உண்டு. அப்பாவின் காலைப் பார்த்தவர் என்பதால் பயமும் உண்டு. ஆனால் அதிகாலை நான்கரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். பாலத்தில் நெரிசல். இரவு வீடு திரும்பும் நேரத்தில் திறந்திருப்பது மாமாக் கடை. அங்கே 'ஒரு தே, அண்ணே' என்று சொன்னால் வருவது இனிப்புத் தேநீர்தான். இனிப்பு வேண்டாம் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நண்பர்கள் மூவர் உடன் இருக்கும்போது 'தே ஓ கோசோங்' என்று கேட்டால், 'என்னண்ணே, இனிப்பு நீரா?' என்று ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குக் கூசியே எத்தனையோ பேர் வழக்கமானதையே கேட்டுவிடுகிறார்கள். இது அறியாமை இல்லை. அவருடைய நாள் அமைந்திருக்கும் விதம் ஒரு பக்கம் இழுக்கிறது, கூட இருப்பவர்களின் பார்வை இன்னொரு பக்கம் இழுக்கிறது.

அரசாங்கம் வாய்ப்பின் பக்கமிருந்து ஒரு முயற்சி எடுத்தது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள புட்டி, டின் பானங்களுக்கு வரி விதித்தது; தொடக்கத்தில் அது லிட்டருக்கு 40 சென்னாக இருந்தது. நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அது யாரையும் குறைசொல்லாமல் சூழலை மாற்றுகிறது. ஆனால் கடைக்காரர் கண்முன்னே ஆற்றித் தரும் தே தாரிக்கை அந்த வரி தொடுவதில்லை. நம் மனிதர் இருக்கும் மேசைக்கு வேறொரு வழியில்தான் போக வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி

அந்த வழிகளில் ஒன்று சென்னையில் சோதிக்கப்பட்டது. இந்த அத்தியாயத்தின் மையமான எடுத்துக்காட்டு அதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீரிழிவு ஒரே இரவில் வருவதில்லை. ரத்தச் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்து, நோய் என்று சொல்லும் அளவை எட்டாமல் சில ஆண்டுகள் நிற்கும். இதை முன்நிலை என்போம். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் இது தெரிந்துவிடும். முன்நிலையில் இருப்பவரைத் தடுத்து நிறுத்த முடியுமா என்பதை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான சென்னைக் குழு ஆராய்ந்தது. 2006இல் வந்த அவர்களுடைய முதல் பெரிய முடிவில் 531 பேர் இருந்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவிலும் நடையிலும் தொடர்ந்த வழிகாட்டல் பெற்றவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 39.5. பழக்கத்தை மாற்றியது மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது; இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் இல்லை.

முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் யார் வழிகாட்டுவது? 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவை 58 விழுக்காடு குறைத்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சியாளர், 16 பாடங்கள். இந்தியாவில் முன்நிலையில் நிற்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படி ஆள் போட யாராலும் இயலாது. ஆனால் ஏறக்குறைய எல்லோர் சட்டைப் பையிலும் கைபேசி வந்துவிட்டிருந்தது.

எனவே அதே குழு, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களோடு சேர்ந்து, தென்கிழக்கு இந்தியாவில் வேலைக்குப் போகும் 35 முதல் 55 வயது வரையுள்ள ஆண்களைத் தேடியது. 2009 ஆகஸ்டிலிருந்து 2012 நவம்பர் வரை நடந்த அந்த ஆய்வுக்காக 8,741 பேரைப் பரிசோதித்து, முன்நிலையில் இருந்த 537 பேரைச் சேர்த்தார்கள். நம் தம்போய்க்காரரும் அங்கே பிறந்திருந்தால் இந்தப் பட்டியலில் இருந்திருக்கக் கூடியவர்தான்.

அந்த 537 பேருக்கும் முதல் நாளில் ஒரே மாதிரி அறிவுரை கொடுத்தார்கள். எதைச் சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது என்று எல்லோருக்கும் சொன்னார்கள். அறிவில் யாருக்கும் குறை வைக்கவில்லை. பிறகு கணினி மூலம் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். 266 பேருக்கு முதல் நாள் அறிவுரையோடு சரி. இவர்கள் ஒப்பீட்டுக் குழு. 271 பேருக்கு அதன்பின் இரண்டு ஆண்டுகள் அடிக்கடி குறுஞ்செய்தி போனது.

செய்திகளை எழுதியதில்தான் உளவியல் இருந்தது. எல்லோருக்கும் ஒரே செய்தி போகவில்லை. ஜேம்ஸ் புரோசாஸ்காவும் கார்லோ டிகிளெமென்டேயும் 1980களில், புகைப்பதை விட்டவர்களைக் கவனித்து ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். மனிதர் ஒரே தாவலில் மாறுவதில்லை. மாறுவதைப் பற்றிய எண்ணமே இல்லாத நிலை, யோசிக்கும் நிலை, தயாராகும் நிலை, செய்யும் நிலை, செய்வதைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலை என்று படிப்படியாக நகர்கிறார். சென்னைக் குழு ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேட்டறிந்து அந்தப் படிக்கு ஏற்ற செய்தியை அனுப்பியது. இன்னும் யோசிக்கவே தொடங்காதவருக்கு 'லிஃப்டை விட்டுப் படியேறுங்கள்' என்ற செய்தி எரிச்சல்தான் தரும். ஏற்கெனவே மூன்று மாதமாக நடப்பவருக்கு 'நடப்பது நல்லது' என்பது பழங்கதை. அவருக்குத் தேவை பண்டிகை நாட்களில் வழுக்கி விழாமல் இருக்க ஒரு யோசனை.

82 விழுக்காடு என்ற மயக்கம்

இரண்டு ஆண்டுகள் கழித்து என்ன ஆனது? குறுஞ்செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. 221 பேருக்கு வரவில்லை. அதாவது 82 விழுக்காட்டினர் தப்பினார்கள்.

ஒரு நிமிடம் இந்த எண்ணோடு மட்டும் நிற்போம். ஒப்பீட்டுக் குழு என்ற ஒன்றே இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருந்தால், '82 விழுக்காடு வெற்றி' என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் முடிவு தவறாக இருந்திருக்கும். ஏனென்றால் குறுஞ்செய்தியே பெறாத 266 பேரில் 193 பேருக்கும் நீரிழிவு வரவில்லை. அது 73 விழுக்காடு. அவர்கள் செய்தி இல்லாமலே தப்பியவர்கள்.

ஆகவே குறுஞ்செய்தியின் உண்மையான பங்கு 82 அல்ல. 82க்கும் 73க்கும் இடையிலுள்ள 9. ஒப்பீட்டுக் குழுவின் கதியே இவர்களுக்கும் நேர்ந்திருந்தால் 271 பேரில் சுமார் 74 பேருக்கு நோய் வந்திருக்கும். வந்தது 50. ஆக 24 பேர் காப்பாற்றப்பட்டார்கள். 271ஐ 24ஆல் வகுத்தால் கிடைப்பது 11. பதினொரு பேருக்கு இரண்டு ஆண்டுகள் செய்தி அனுப்பினால் அவர்களில் ஒருவர், இல்லாவிட்டால் வந்திருக்கக் கூடிய நீரிழிவிலிருந்து தப்புகிறார்.

பதினொருவரில் ஒருவர் என்பது கேட்கச் சிறிதாக இருக்கிறது. எனக்கு அது பெரிதாகவே படுகிறது. குறுஞ்செய்திக்கு ஆகும் செலவு சில சென்கள். தப்பிய அந்த ஒருவருக்கு மாத்திரை, ஊசி, கண் பரிசோதனை, சிறுநீரகம் பற்றிய கவலை எல்லாம் பல ஆண்டுகள் தள்ளிப்போகின்றன. இன்னொன்று, இந்த 9 நாணயமான 9. அந்த 82இல் வேறு காரணங்களால் வந்ததும் கலந்திருக்கிறது.

ஏன் குலுக்கல்? விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்று விட்டிருந்தால், ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்களே செய்தி பெறும் பக்கம் போயிருப்பார்கள். அவர்கள் செய்தி இல்லாமலும் நடந்திருப்பார்கள். குலுக்கல் அந்தச் சாய்வை அகற்றுகிறது: வயது, குடும்ப வரலாறு, மன உறுதி, மனைவியின் சமையல் என்று நாம் அளக்க மறந்தவைகூட இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும். இன்னொரு மறைமுக ஏமாற்றமும் உண்டு. ஒருநாள் எடுத்த சோதனையில் அளவு உயர்ந்திருந்தவர்களை மட்டும் பொறுக்கினால், அவர்களில் சிலருக்கு அன்று மட்டும் ஏதோ காரணத்தால் கூடியிருக்கும். அடுத்த முறை தானாகவே இறங்கும். நம் முகாமில் கலந்துகொண்டதால்தான் இறங்கியது என்று நாம் மகிழ்வோம். ஒப்பீட்டுக் குழுவிலும் அதே இறக்கம் தெரியும்போதுதான் கண் திறக்கும்.

வாய் சொல்வதும் ரத்தம் சொல்வதும்

'இனிப்பைக் குறைத்தீர்களா?' என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஆமாம் என்பார்கள். பொய் சொல்லும் நோக்கம் இல்லை. கேட்பவர் மனம் நோகக் கூடாது, தன்னைப் பற்றித் தனக்கே நல்லெண்ணம் இருக்க வேண்டும் என்பது மனித இயல்பு. ஆகவேதான் சென்னைக் குழு கடைசித் தீர்ப்பை ரத்தத்திடம் விட்டது. பங்கேற்பவருக்கும் களப்பணியாளருக்கும் யார் எந்தக் குழு என்பது தெரிந்துதான் இருந்தது. குறுஞ்செய்தி வருவதை மறைக்க முடியாது. ஆனால் ரத்தத்தைச் சோதித்த ஆய்வுக்கூடத்தாருக்கும் தலைமை ஆய்வாளர்களுக்கும் அது மறைக்கப்பட்டிருந்தது. கையிலுள்ள குப்பி எந்தக் குழுவுடையது என்று தெரியாத கை ஓரவஞ்சனை செய்ய வழியில்லை.

அளப்பதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு வேலூருக்கு வடக்கே, மாநில எல்லையைத் தாண்டிய சித்தூர் மாவட்டத்தில் நடந்த கை கழுவும் ஆய்வையும் சொல்ல வேண்டும். 14 கிராமங்கள், ஏழில் இயக்கம், ஏழில் இல்லை. கிருமி என்ற பேச்சையே எடுக்காமல், மகனை நல்லவனாக வளர்க்கும் 'சூப்பர் அம்மா' என்ற பாத்திரத்தையும், அழுக்குக் கையால் லட்டு பிடிக்கும் லட்டு லிங்கம் என்ற பாத்திரத்தையும் வைத்து நாடகமும் படமும் காட்டினார்கள். தாய்ப்பாசத்தையும் அருவருப்பையும் தொட்டார்கள். பிறகு, 'சோப்புப் போடுகிறீர்களா?' என்று கேட்காமல், உண்மையான நோக்கத்தைச் சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவியது நூற்றுக்கு ஒரு முறை, இரண்டு முறை மட்டுமே. ஆறு மாதத்தில் இயக்கம் நடந்த கிராமங்களில் அது 37 விழுக்காடு, மற்றவற்றில் 6. 2014இல் முடிவு வெளியானது. ஒப்பீட்டுக் கிராமங்களையும் கைவிடவில்லை. பின்னர் அங்கேயும் இயக்கம் போனது.

சென்னை ஆய்வுக்குத் திரும்பினால், அதன் தரவை மீண்டும் அலசியபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நோய் குறைந்ததற்கு உணவுப் பழக்கம் மாறியதே காரணம். உடற்பயிற்சி அதில் பெரிய பங்கு வகிக்கவில்லை. இடையீட்டை வடிவமைத்தவர்கள் இரண்டையும் குறிவைத்தார்கள். பலித்தது ஒன்று. 'பலித்ததா?' என்பதோடு நிற்காமல் 'எதனால் பலித்தது?' என்றும் கேட்டதால்தான் இது தெரியவந்தது. அடுத்து வருபவர் தட்டின் மேல் கூடுதல் கவனம் வைக்கலாம்.

இரண்டாம் முறை

அறிவியலில் ஒருமுறை வென்றது வென்றதாகாது. அதே குழு, இந்தியாவிலும் பிரிட்டனிலும் சேர்த்து 2,062 பேரோடு இன்னும் பெரிய ஆய்வு நடத்தியது. ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். குளுக்கோஸ் கரைசலுக்குப் பதில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனையை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் குறுஞ்செய்தி. 2020இல் முடிவு வந்தது: செய்தி பெற்றவர்களில் நீரிழிவு 11 விழுக்காடு அளவுக்குக் குறைவாகத் தெரிந்தது, ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஒதுக்க முடியாத அளவுக்குச் சிறியது. முதல் ஆய்வில் கிடைத்த தெளிவு இதில் இல்லை.

சிலர் இதைத் தோல்வி என்பார்கள். நான் அப்படி எண்ணவில்லை. தங்களுடைய முந்தைய வெற்றியையே கேள்விக்குள்ளாக்கும் முடிவை அந்தக் குழு மறைக்காமல் வெளியிட்டது. அந்த நேர்மையால்தான் நமக்கு அடுத்த கேள்விகள் கிடைக்கின்றன. வேறொரு சோதனையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் உடல் வேறு விதமாக நடந்துகொள்கிறதா? 2010இல் வந்த குறுஞ்செய்திக்கு இருந்த மதிப்பு, நாளுக்கு நூறு செய்தி வரும் கைபேசியில் இருக்குமா? வேலைக்குப் போகும் ஆண்களுக்கு எழுதிய செய்தி வீட்டை நடத்தும் பெண்ணின் நாளோடு பொருந்துமா? ஓர் ஊரில் பலித்த இடையீட்டை அப்படியே பெயர்த்து இன்னோர் ஊரில் நட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். தம்போய்க்கும் இது பொருந்தும்.

தம்போயில் ஒரு கோயில் மண்டபம்

ஒரு தாமானிலுள்ள, அதாவது குடியிருப்புப் பகுதியிலுள்ள, கோயில் நிர்வாகம் நீரிழிவுக்கு எதிராக ஏதாவது செய்ய விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முகாம், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், டாக்டரின் உரை, கையேடு, பிறகு சாப்பாடு. மாலையில் '200 பேர் பயனடைந்தனர்' என்று செய்தி. நோய் இருப்பது தெரியாமலே வாழ்பவர்களைக் கண்டுபிடிப்பதில் இந்த முகாம்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு. 2019 ஆய்வில் நீரிழிவு இருந்த 18.3 விழுக்காட்டினரில் 8.9 பேர் தமக்கு அது இருப்பதே அறியாதவர்கள். ஆனால் பழக்கத்தை மாற்றுவது என்ற வேலை அந்த 200 என்ற எண்ணில் இல்லை.

மாற்றிச் செய்வதென்றால், முதலில் இலக்கைச் சுருக்க வேண்டும். 'ஆரோக்கியமாக வாழுங்கள்' என்பது இலக்கே இல்லை. 'இரவில் கடையில் கேட்கும் தேநீரைச் சர்க்கரையில்லாமல் கேட்பது' என்பது இலக்கு. கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம். அடுத்து, ஒலிபெருக்கியைத் தொடும் முன் இருபது பேரோடு உட்கார்ந்து பேச வேண்டும். சிலருக்குத் தடை நண்பர்களின் கேலியாக இருக்கும். சிலருக்குக் கசப்பு நாவில் ஒட்டாது. அவர்களுக்கு ஒரேயடியாகக் கோசோங் வேண்டாம், 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று தொடங்கி வாரம் வாரம் குறைப்பது ஏற்றது. சிலருக்குத் தடையே கடைக்காரர்தான். அவரையும் அழைத்துப் பேசினால், 'இனிப்பு எவ்வளவு, அண்ணே?' என்று அவரே முதலில் கேட்கச் சம்மதிக்கலாம். அந்த ஒரு கேள்வி ஐம்பது கையேடுகளுக்குச் சமம் என்பது என் கணிப்பு; கணிப்பு என்பதால்தான் அதையும் சோதிக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொருவரும் தம் எப்போது-எங்கே திட்டத்தைத் தம் வாயால் சொல்ல வேண்டும். 'வெள்ளிக்கிழமை இரவு கூட்டாளிகளோடு உட்காரும்போது, ஆர்டர் எடுக்க வருபவரிடம் முதல் ஆளாக நானே சொல்லிவிடுவேன்.' முதல் ஆளாக என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடுத்தவர் கேட்டதைத் தானும் கேட்கும் வழக்கம் நம்மிடம் வலுவானது. முதலில் சொல்பவருக்கு அந்த இழுப்பு இல்லை.

அளவிடும் பகுதியில் மனம் தளராமல் இருக்க வேண்டும். பெயர் கொடுத்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதியைப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த ஆண்டு, மறு பாதிக்கு அடுத்த ஆண்டு என்று சொல்லலாம். யாருக்கும் மறுக்கவில்லை, வரிசை மட்டும்தான் முன்பின். ஒரே கோயிலின் நாற்பது பேரை வைத்துக்கொண்டு நீரிழிவு குறைந்ததா என்று பார்க்க முடியாது. பதினொருவரில் ஒருவர் என்ற அளவு வேறுபாட்டைக் காண நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும். அதனால் சிறு குழு நெருக்கமான அளவுகளை எடுத்துக்கொள்ளலாம்: வாரத்துக்கு எத்தனை இனிப்புத் தேநீர், ஆறு மாதம் கழித்து மூன்று மாதச் சராசரிச் சோதனையில் என்ன. லார்கின், ஸ்கூடாய் பக்கத்துக் கோயில்களும் சேர்ந்துகொண்டால் பெரிய கேள்வியைக் கேட்கும் பலம் வரும். இடையில் நின்றுபோனவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடக் கூடாது. நின்றுபோனவர்கள் பெரும்பாலும் முடியாமல் போனவர்கள். அவர்களை விட்டுவிட்டால் மீதி எண் தானாக அழகாகிவிடும்.

அடுத்த ஆண்டு முகாம் அறிக்கையில், கலந்துகொண்டோர் எண்ணிக்கைக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் வேண்டும்: முதல் பாதியில் ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் மாறியிருந்தார்கள், மறு பாதியில் எத்தனை பேர், இடையில் நின்றவர்கள் எத்தனை பேர். முதல் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தாலும் அப்படியே அச்சிட்டு, பக்கத்துத் தாமான் நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.